27 உறுப்பினர், வருவது 12 பேர்: கிளப் வாராந்திர மீட்டிங்கும் இரண்டு முகாம்களும், வழி சொல்லுங்கள்

கிங்சர்க்கிள்_வாசி:

மும்பை மாட்டுங்கா கிழக்கில் ஒரு ரோட்டரி கிளப். உறுப்பினர் 27 பேர், பாதிக்கு மேல் நம் தமிழர்கள். ஜூலை 1-ஆம் தேதி முதல் செயலர் பொறுப்பு என்னிடம் வருகிறது. வாங்கிக்கொள்ளப் போகும் நிலவரம் இதுதான்.

வியாழக்கிழமை மாலை 7.30 என்று சர்க்குலரில் இருக்கும். மணி அடிக்கும்போது 8 தாண்டியிருக்கும், கலையும்போது 10. சராசரியாக 12 பேர் வருகிறார்கள். ஹால் தருகிற ஓட்டலில் (பெயர் வேண்டாம்) குறைந்தது 25 பிளேட் கணக்கு, பிளேட் 450 ரூபாய். அதாவது வராத 13 பேர் சாப்பாட்டுக்கு வாரம் 5,850 ரூபாய் தண்டம் அழுகிறோம்.

இந்த வருடம் செய்தே தீருவது என்று போர்டு முடிவு செய்திருப்பது இரண்டு வேலை. சயானில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் ரத்ததான முகாம். தாராவியில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி.

கேள்வி மூன்று. வாரா வாரம் கூடத்தான் வேண்டுமா? ஒரு மணி நேரத்தில் மீட்டிங்கை முடிக்க நேரத்தை எப்படிப் பிரிப்பது? இரண்டு முகாமிலும் எங்கே சறுக்கும்? பொதுவான ஊக்கமெல்லாம் வேண்டாம் சார், அளவும் நேரமும் சொல்லுங்கள்.

*

மணியும்_சுத்தியலும்:

முதல் கேள்விக்கு நேரடி பதில்: கட்டாயம் இல்லை. 2016-இல் ரோட்டரியின் சட்ட கவுன்சில் அந்த விதியைத் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு முறையாவது ஏதாவது ஒரு வகையில் கூடினால் போதும். ஆனால் இது நீங்களும் பிரசிடெண்டும் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்யும் விஷயம் இல்லை. நாளும் நேரமும் உங்கள் கிளப்பின் துணைவிதியில் எழுதியிருக்கும். அதைத் திருத்த எழுத்தில் முன்னறிவிப்பு, கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள்), மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை உங்கள் துணைவிதியிலேயே பாருங்கள், பழைய பிரதியும் புதிய பிரதியும் ஒன்றாக இருக்காது. கோரம் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு 9 பேர். 12 பேர் வந்த நாளில் 8 கை உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். சட்டப்படி சரிதான். ஆனால் மீதி 15 பேரும் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் போனில் கேட்டுவிட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.

இனி நேரம். 7.30 மீட்டிங்குக்கு ஆட்கள் ஏன் 8.15-க்கு வருகிறார்கள்? சாப்பாடு 8.30-க்கு என்று தெரியும், அதற்குக் கால் மணி முன்னால் வந்தால் போதும் என்ற கணக்கு. ஃபோர்ட்டிலும் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் வேலை முடித்து நேராக வருகிறவர்களுக்கு 7 மணிக்குப் பசிக்கும். ஆகவே தீனியை முன்னால் தள்ளுங்கள். 7 மணிக்குக் காபியும் ஒரு பிளேட் பஜ்ஜியோ மெதுவடையோ. 7.25-க்கு அதை எடுத்துவிட வேண்டும். 7.30-க்கு மூன்று பேர் இருந்தாலும் மணி அடிக்க வேண்டும். இரண்டு வாரம் சங்கடமாக இருக்கும், மூன்றாவது வாரம் தானாகச் சரியாகும்.

7.30 மணி, தேசிய கீதம் (முழுதும் பாட 52 விநாடிதான்). 7.32 வரவேற்பு, விருந்தினர் அறிமுகம். 7.36 பிறந்தநாள், திருமணநாள். 7.40 பிரசிடெண்ட். 7.44 செயலர் அறிவிப்பு. 7.50 பேச்சாளர் அறிமுகம், 7.51 முதல் 8.11 வரை பேச்சு, 8.21 வரை கேள்வி. அடுத்த ஆறு நிமிடம் நடக்கிற வேலைகளின் கணக்கு. 8.27 நன்றி, 8.30-க்கு மணி. அப்புறம் சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும், முலுண்ட் லோக்கல் பிடிக்கிறவர் பிடிக்கட்டும்.

இது கெடுவது எப்போதும் மூன்றே இடத்தில். பிறந்தநாளுக்கு ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து, சால்வை, போட்டோ, 'இன்னொன்று எடுங்க' என்று 12 நிமிடம் போகும். எல்லாரையும் ஒரே தடவை நிற்கவைத்து ஒரே போட்டோ எடுங்கள். அடுத்தது பேச்சாளர் அறிமுகம். அவர் அனுப்பிய இரண்டு பக்க பயோடேட்டாவை அப்படியே படிப்பார்கள். நான்கு வாக்கியம்: யார், என்ன வேலை, இன்றைய தலைப்பு, ஏன் இவர். மூன்றாவது, அய்யா, உங்கள் அறிவிப்புதான். மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றையும் தேதியில் தொடங்குங்கள். மீதி வாட்ஸாப்பில்.

பேச்சாளருக்கு அழைப்பு அனுப்பும்போதே '20 நிமிடம், பிறகு 10 நிமிடம் கேள்வி' என்று எழுத்தில் போடுங்கள். முதல் வரிசையில் ஒருவர் 15-ஆவது நிமிடம் மஞ்சள் அட்டை, 19-ஆவது நிமிடம் சிவப்பு அட்டை காட்ட வேண்டும். லேப்டாப்பை 7.10-க்குள் புரொஜெக்டரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். பல புது லேப்டாப்புகளில் ஹெச்டிஎம்ஐ ஓட்டையே இருக்காது, டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று கிளப் பெட்டியில் நிரந்தரமாக இருக்கட்டும். மைக்குக்கு ஒரு ஜோடி பேட்டரி உபரி.

கடைசியாக நாற்காலி. 12 பேர் வருகிற இடத்தில் 40 நாற்காலி போட்டால் எல்லாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள், ஹால் சாவு வீடு மாதிரி இருக்கும். சார்ஜென்ட்-அட்-ஆர்ம்ஸிடம் (ஹால் ஏற்பாட்டைக் கவனிக்கிற நிர்வாகி) சொல்லி 16 நாற்காலி மட்டும் லாட வடிவத்தில் போடச் சொல்லுங்கள். உபரி நாற்காலி சுவரோரம் அடுக்கியிருக்கட்டும், ஆள் வர வர எடுத்துப் போடலாம்.

*

செம்பூர்_கணக்குப்பிள்ளை:

சாப்பாட்டுக் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

இப்போது வாரம் 25 × 450 = 11,250. நான்கு வாரத்துக்கு 45,000. வியாழன் மாலை ஓட்டலுக்குக் கல்யாணக் கூட்டம் பெரும்பாலும் இருக்காது, ஹால் சும்மாதான் கிடக்கும். பேச இடம் உண்டு. கேட்க வேண்டியது 'பிளேட் விலை குறையுங்கள்' என்பது அல்ல. 'ஹால் வாடகை தனி, பிளேட் கணக்கு தனி, 14 பிளேட் உறுதி, அதற்கு மேல் வந்த தலைக்கு மட்டும் பில்' என்று கேளுங்கள். வாடகை 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு வாரம் சாப்பாடு (14 × 450 × 2 = 12,600), இரண்டு வாரம் டிபன் காபி (தலைக்கு 150 என்றால் 14 × 150 × 2 = 4,200), வாடகை 6,000. மொத்தம் 22,800. மாதம் 22,200 மிச்சம்.

இது நிற்பதும் விழுவதும் தலை எண்ணிக்கையில். செவ்வாய் காலை குரூப்பில் 'வருகிறீர்களா' என்று வாக்கெடுப்பு போடுங்கள், இரவு 9-க்கு மூடுங்கள். பதில் சொல்லாதவர் 'வரவில்லை' என்றே கணக்கு. சொல்லாமல் வந்தவர் வாசலிலேயே பிளேட் காசைக் கட்டட்டும். முதல் தடவை ஒரு சீனியருக்குத் தள்ளுபடி கொடுத்தீர்களோ, அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

உங்களுக்கு அவசரமான இன்னொன்று. ரோட்டரி இன்டர்நேஷனல் சந்தா பில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூலை 1, ஜனவரி 1 நிலவரப்படி வரும். அன்றைக்குப் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கிளப் கட்டியாக வேண்டும். விலகப்போகிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர்களிடம் கடிதம் வாங்கி, ஜூன் 30-க்குள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அந்த வேலை பழைய செயலருடையது, ஆனால் பில் உங்கள் கைக்கு வரும். 27 பேரில் உண்மையிலேயே 27 பேர் இருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சாப்பாட்டுப் பணமும் முகாம் பணமும் ஒரே கணக்கில் கிடக்க வேண்டாம், இரண்டு வங்கிக் கணக்கு வையுங்கள். முகாமுக்கு நன்கொடை கொடுக்கிறவர் 80ஜி ரசீது (வருமான வரியில் கழிவு பெற) கேட்பார். கிளப்புக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது, கிளப் நடத்துகிற டிரஸ்டுக்கு இருக்கலாம். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கணக்கில்தான் செக் விழ வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்குக் கழிவு கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் மார்ச் மாதத்தில் மனஸ்தாபம் வராது.

குளோபல் கிராண்ட் (ரோட்டரி ஃபவுண்டேஷனின் பெரிய நிதியுதவி) என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். அதன் குறைந்தபட்ச பட்ஜெட்டே 30,000 டாலர். கண்ணாடி முகாமுக்கு டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் கேட்டுப் பாருங்கள். மும்பையின் ரோட்டரி டிஸ்ட்ரிக்ட் எண் 3141.

*

தாதர்_டிடி:

மேலே இரண்டு பேரும் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. மீட்டிங்கைக் குறைக்கிற யோசனைக்கு இல்லை.

வாரம் ஒன்று இருக்கிறபோது ஒருவர் ஒரு தடவை தவறினால் 14 நாள் இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஒரு தடவை தவறினால் 28 நாள். நம் ஆட்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கிளப் என்று ஒன்று இருந்ததே மறந்திருக்கும். ஆகவே எண்ணிக்கையைத் தொடாமல் இடத்தை மாற்றுங்கள் தம்பி. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் தொடங்கியபோது ஒவ்வொருவர் ஆபீஸிலும் முறை வைத்துக் கூடினார்கள். சுழன்று வந்ததால்தான் 'ரோட்டரி' என்ற பெயரே. நான்கில் இரண்டு வாரம் ஓட்டல், ஒரு வாரம் ஒரு உறுப்பினரின் ஆபீஸ் அல்லது பட்டறை, ஒரு வாரம் முகாம் நடக்கப்போகும் இடம். ஆபீஸில் கூடுகிற அன்றைக்குப் பேச்சாளர் தேட வேண்டியதில்லை. அந்த உறுப்பினரே தன் தொழிலை 20 நிமிடம் சொல்லட்டும். வாடகையும் மிச்சம்.

அப்புறம், அந்த 8.21-இலிருந்து 8.27 வரை 'வேலைகளின் கணக்கு' என்று போட்டிருக்கிறாரே, அங்கே கவனம். 'ஏன் அந்த பிளட் சென்டர், ஏன் அந்த சொசைட்டி' என்று ஒருவர் ஆரம்பித்தால் 9 மணிக்கும் முடியாது. முடிவெடுக்கிற இடம் மாதாந்திர போர்டு மீட்டிங். வியாழன் மேடையில் ஒரு வேலைக்கு மூன்று எண் போதும்: எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், கையில் எவ்வளவு பணம், அடுத்த தேதி என்ன. கேள்வி இருந்தால் போர்டுக்கு வாருங்கள் என்று பிரசிடெண்ட் சொல்லிவிட வேண்டும். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுச் சண்டை வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு. பருவத் தொடக்கத்திலேயே பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி) 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களின் பட்டியலை வெளியிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மதியம்தான் அந்த ஏற்றம் வரும். அன்றைக்குக் கனமழையும் சேர்ந்தால் காந்தி மார்க்கெட்டும் சயானும் நின்றுவிடும், சாயங்காலம் லோக்கல் தடுமாறும். பட்டியலில் விழுகிற வியாழக்கிழமைகளை இப்போதே காலண்டரில் குறித்து 'ஆன்லைன்' என்று அறிவித்துவிடுங்கள். மதியம் 3 மணிக்கு மீட்டிங்கை ரத்து செய்தால் பிளேட் காசு திரும்பாது.

டிசம்பர் 31-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டமும் அடுத்த நிர்வாகிகள் தேர்தலும் நடந்திருக்க வேண்டும். நவராத்திரி, தீபாவளி என்று அக்டோபரும் நவம்பரும் ஓடிவிடும். தேதியை ஜூலையிலேயே குறித்துவையுங்கள்.

*

கிங்சர்க்கிள்_வாசி:

நன்றி. லாட வடிவ நாற்காலியும் ஆபீஸ் சுழற்சியும் உடனே எடுத்துக்கொள்கிறேன். ரத்ததான முகாமுக்குக் கூடுதல் விவரம்: ஆகஸ்ட் 15 காலை 9 முதல் 2 வரை என்று யோசனை. சொசைட்டி ஹால் முதல் மாடி, லிஃப்ட் உண்டு. ரத்தம் கொடுப்பவருக்கு டிராலி பேக் தர ஒரு ஸ்பான்சர் தயார். 100 பை ரத்தம் இலக்கு.

*

குளிர்பெட்டி_2டிகிரி:

நீங்கள் சொன்ன நான்குமே மாற வேண்டியவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேதி. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 மூன்றிலும் ஊர் முழுக்க முகாம். அடுத்தடுத்து கணபதி மண்டல்களும் நடத்தும். சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் வைத்தால் பையில் இருக்கும் மருந்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். பிளேட்லெட் 5 நாள். ஒரே வாரத்தில் வெள்ளமாக வந்து என்ன பயன்? தட்டுப்பாடு வருவது கல்லூரிகள் மூடி, பாதி மும்பை ஊருக்குப் போகிற மே மாதத்திலும், தீபாவளி விடுமுறையை ஒட்டியும்தான். ஏப்ரல் கடைசி ஞாயிறு வையுங்கள், நம் ஆட்கள் ரயில் ஏறும் முன். அல்லது தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு. ஆகஸ்டில்தான் செய்வோம் என்றால் 15-ஐ விட்டுக் கடைசி வாரம். டெங்கு காலம், பிளேட்லெட்டுக்கு உதவும்.

இடம். முதல் மாடி வேண்டாம். மயக்கம் ஊசி குத்தும்போது வருவதைவிட, எழுந்து நடந்து டீ மேஜைக்குப் போன பிறகு வருவதுதான் வழக்கம். அந்த நேரத்தில் படிக்கட்டில் இருந்தால் தலை அடிபடும். தரைத்தளம், காற்றோட்டம், நல்ல வெளிச்சம், கை கழுவ இடம், கழிப்பறை. பதிவு, பரிசோதனை, படுக்கை, ஓய்வு என்று ஆள் ஒரே திசையில் நகரும்படி மேஜை போடுங்கள். டீ மேஜை நர்ஸ் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி, 15 நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எழ வேண்டும். யாராவது முகம் வெளுத்து, வியர்த்து, கொட்டாவி விட்டால் அப்படியே படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். சுற்றிக் கூட்டம் கூடி சோடா வாங்கி வந்து உட்காரவைப்பதுதான் கெடுதல்.

100 பை. கணக்கைப் பார்க்கலாம். ஊசி குத்தியபின் பை நிரம்ப 6 முதல் 8 நிமிடம், ஆனால் படுத்து, துடைத்து, குத்தி, கட்டுப்போட்டு எழ 15 நிமிடம். ஒரு படுக்கைக்கு மணிக்கு 4 பேர். 4 படுக்கை என்றால் 5 மணி நேரத்தில் தாளில் 80, நடப்பில் அதைவிடக் குறைவு. விதிப்படி 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேர், அல்லது 5 மணி நேரத்தில் 100 முதல் 120 பேருக்கு ஒரு டாக்டர், 6 முதல் 8 படுக்கைக்கு இரண்டு நர்ஸ், மூன்று டெக்னீஷியன், இரண்டு உதவியாளர், இரண்டு சமூகப் பணியாளர் வேண்டும். பிளட் சென்டர் (ரத்த வங்கி) எத்தனை பேரை அனுப்பும் என்று கேட்டுவிட்டு இலக்கு வையுங்கள். முதல் தடவைக்கு 40 பை நல்ல இலக்கு. அதற்கு 80 பேராவது பெயர் கொடுத்திருக்க வேண்டும். பெயர் கொடுத்தவர் எல்லாரும் வருவதில்லை, வந்தவர் எல்லாரும் தேறுவதில்லை.

தேறாததற்குக் காரணம் பெரும்பாலும் ஹீமோகுளோபின், 12.5-க்குக் கீழே இருந்தால் எடுக்க முடியாது. நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள், மூழ்கினால் சரி, மிதந்தால் இல்லை. வயது 18 முதல் 65, முதல் தடவை கொடுப்பவர் என்றால் 60-க்கு மேல் கூடாது. எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி., 55-க்கு மேல் இருந்தால் 450 எடுக்கலாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பிரஷர் மேலே 100 முதல் 140, கீழே 60 முதல் 90. மலேரியா வந்து குணமாகி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், மும்பையில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. டாட்டூ குத்தியிருந்தால் ஒரு வருடம். இந்த ஏழெட்டு வரியையும் முந்தின வாரமே சொசைட்டி லிஃப்டில் தமிழ், மராத்தி, இந்தியில் ஒட்டிவிடுங்கள். வந்து திரும்பிப் போகிறவர் அடுத்த தடவை வர மாட்டார்.

ஞாயிறு காலை என்றால் 'ரத்தம் கொடுக்கப் போகிறோம், வெறும் வயிறு' என்று விரதம் மாதிரி வருவார்கள். நேர் எதிர். இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டு, கடைசியாகச் சாப்பிட்டு நான்கு மணி நேரம் தாண்டாமல் வர வேண்டும். கொடுப்பதற்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர். பதிவு மேஜையிலேயே தண்ணீர் பாட்டில் கொடுத்துவிடுங்கள், மயக்கம் குறையும்.

டிராலி பேக் கூடவே கூடாது. தானம் கைம்மாறு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் அடிப்படை, அதற்குக் காரணமும் உண்டு. 1,500 ரூபாய் டிராலி பேக் கிடைக்கும் என்றால் போன மாதம் வந்த காய்ச்சலையும் சாப்பிடுகிற மாத்திரையையும் மறைத்துவிடுவார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள்தான். ஆனால் தொற்று ஏறிய ஆரம்ப நாட்களில் சோதனையில் சிக்காமல் போகலாம். அங்கே நம்மைக் காப்பது அவர் கொடுக்கிற உண்மையான பதில் மட்டுமே. ஸ்பான்சர் பணத்தை டிபனுக்குத் திருப்புங்கள்.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி. லைசென்ஸ் இருக்கிறதா, மாநில ரத்த கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் வெளியில் வந்து முகாம் நடத்திவிட முடியாது. ரத்தத்தைப் பிரிக்கிற வசதி அவர்களிடம் இருக்கிறதா? இருந்தால் பை சில மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், பிளேட்லெட் பிரிக்க அந்தக் கெடு முக்கியம். 9-க்கு எடுத்த பை 2 மணி வரை ஹாலில் கிடந்து, பிறகு நன்றியுரை, குரூப் போட்டோ முடிந்து 4-க்கு வண்டி கிளம்பினால் பிளேட்லெட் போச்சு. 11.30-க்கு ஒரு நடை, முடிந்ததும் ஒரு நடை என்று வண்டியை இரண்டாகக் கேளுங்கள். கடிதம் நான்கு வாரம் முன்னால் கொடுங்கள்.

சோதனை முடிவுகளை கிளப் கேட்கக்கூடாது. அது சென்டருக்கும் கொடுத்தவருக்கும் இடையில்.

*

கண்ணளவு:

கண்ணாடி முகாமைப் பற்றி. தாராவி என்றால் தையல், ஜரி, தோல் வேலை, இட்லிக் கடை. முதலில் நேரம். இட்லி போடுகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, விற்று முடித்து மதியம் தூங்குகிறவர்கள். காலை 10 மணி முகாம் அவர்களுக்கு இல்லை. ஞாயிறு மாலை 3 முதல் 7 வரை வையுங்கள். மாநகராட்சிப் பள்ளி ஹால் வேண்டும் என்றால் ஜி-நார்த் வார்டில் எழுதிக் கொடுங்கள், ஒரு மாதமாவது முன்னால்.

ரெடிமேட் கண்ணாடி 100 வாங்குவதாக இருந்தால் எல்லா பவரும் இருபது இருபது என்று வாங்கிவிடாதீர்கள். +1.00 பத்து, +1.50 முப்பது, +2.00 முப்பது, +2.50 இருபது, +3.00 பத்து. பொதுவாக 40-களின் தொடக்கத்தில் +1.00, 50-ஐ ஒட்டி +1.50 முதல் +2.00, 60-ஐ நெருங்கும்போது +2.50. ஆனால் வயதை மட்டும் கேட்டுக் கண்ணாடி எடுத்துக் கொடுப்பதுதான் இந்த முகாம்களில் நடக்கிற பெரிய தப்பு. வேலை எவ்வளவு கிட்டத்தில் என்று கேளுங்கள். தினத்தந்தி படிக்கிறவர் 40 செ.மீ.யில் பிடிப்பார். ஜரி தைக்கிறவர் 30 செ.மீ.யில் குனிந்து பார்ப்பார், அதே வயதில் அவருக்கு அரை முதல் முக்கால் பவர் கூடுதலாக வேண்டும். அட்டையைப் படிக்கவைப்பதோடு விடாமல் ஊசியும் நூலும் கையில் கொடுங்கள். உட்கார்ந்து, தான் வழக்கமாகப் பிடிக்கிற தூரத்தில் பிடித்து, முதல் தடவையிலேயே கோத்தால் அந்தப் பவர் சரி. ஊசியைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்தால் பவர் கூடிவிட்டது, கையை நீட்டினால் குறைவு.

அதற்கு முன்னால் தூரப் பார்வை. ஒவ்வொரு கண்ணாக, இன்னொன்றை உள்ளங்கையால் மூடி. விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு நாலு திசையிலும் திரும்பி நிற்கிற ஆங்கில ஈ (E) வடிவ அட்டை. 6/12 வரி (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கிற வரி) வரவில்லை என்றால் 1.2 மி.மீ. ஓட்டை போட்ட கறுப்பு அட்டை வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை வழியாகத் தெளிந்தால் கண்ணாடியில் சரியாகும் கண், அளவெடுத்துச் செய்ய வேண்டும். தெளியவில்லை என்றால் புரையோ விழித்திரையோ, ரெடிமேட் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள். ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். இரண்டு கண்ணும் வித்தியாசமாக இருக்கிறவருக்குக் கொடுத்தால் தலைவலி என்று ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவார்.

ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டும்: இது உட்கார்ந்து வேலை பார்க்க மட்டும், போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தாராவியின் மாடிப்படி செங்குத்தான இரும்பு ஏணி. கண்ணாடியோடு இறங்கினால் படி மங்கலாகத் தெரியும்.

புரை இருப்பவருக்கு அறுவை முகாமில் செய்யக்கூடாது, மருத்துவமனையில்தான். பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே காலையில் ஓ.பி.டி. (வெளிநோயாளிப் பிரிவு) உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கூலி போகும், கூட வர ஆள் வேண்டும், அங்கே எந்த ஜன்னலில் நிற்பது என்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட நாளில் உறுப்பினர் ஒருவர் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சர்க்கரை இருப்பவர் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவைக்கு நாள் தர மாட்டார்கள். தாதர் அண்ணா சொன்ன மூன்று எண்ணோடு நான்காவதாக ஒன்று சேர்க்கலாம்: எழுதிக் கொடுத்ததில் எத்தனை பேர் உண்மையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த எண் ஒவ்வொரு வியாழனும் பலகையில் எழுதப்பட்டால் மீட்டிங்குக்கு வருகிறவருக்கும் ஒரு வேலை இருக்கும்.

*

கிங்சர்க்கிள்_வாசி:

மேடம், தூரப் பார்வை அட்டைக்குப் பள்ளி வகுப்பறையில் 6 மீட்டர் நீளம் கிடைக்குமா என்று சந்தேகம். 4 மீட்டர்தான் இருக்கும் போல.

*

கண்ணளவு:

வராந்தாவை அளந்து பாருங்கள், பெரும்பாலும் போதும். இல்லாவிட்டால் 3 மீட்டரில் முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டி, ஆளின் தலைக்கு மேலே அட்டையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்க்கவைக்கலாம். எழுத்து அட்டை என்றால் இடவலம் மாறிய அச்சு வேண்டும், ஈ அட்டைக்கு வேண்டாம், ஆனால் கண்ணாடியில் இடமும் வலமும் மாறும், குறிக்கிறவர் அதை நினைவில் வைக்க வேண்டும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் 3 மீட்டருக்கென்றே பாதி அளவில் அச்சிட்ட அட்டை கண்ணாடிக் கடைகளுக்குச் சாமான் விற்கிறவர்களிடம் கிடைக்கும். அட்டைக்கு நேராக ஒரு டியூப்லைட், ஜன்னல் அட்டைக்குப் பின்னால் இருக்கக்கூடாது. தரையில் 3 மீட்டரை டேப் வைத்து அளந்து சாக்பீஸ் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் தெரியாதவர் ஒவ்வொருவரும் அரை அடி முன்னால் நகர்ந்துகொண்டே வருவார்கள்.